பொதுக்கடலும் தனிவலையும்: 'பொதுமையின் துன்பியல்' என்னும் கோட்பாடு பற்றி

1968ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே அமெரிக்காவின் 'சயன்ஸ்' சஞ்சிகையில் கரட் ஹார்டின் என்னும் உயிரியலாளர் எழுதிய கட்டுரையொன்று வெளிவந்தது. ஆறு பக்கங்களுள் அடங்கிவிடும் அச்சிறு கட்டுரை, காடு, கடல், மேய்ச்சல் நிலம் ஆகியன பற்றிப் பின்னர் வகுக்கப்பட்ட கொள்கைகள் பலவற்றுக்கு வேதவாக்காக அமைந்தது. 'பொதுமையின் துன்பியல்' என்பது அதன் தலைப்பு. கட்டுரையைப் படியாதவர்களும் அத்தலைப்பை அறிவர்; படியாமலே அதனை மேற்கோள் காட்டுவோரும் உளர். கடற்றொழில் பற்றிய அரச அறிக்கைகளிலும் பல்கலைக்கழகப் பாடநூல்களிலும் அது ஐயத்துக்கு இடமற்ற விதிபோல எடுத்தாளப்படுவதனாலேயே அதனை இங்கு விமர்சன நோக்கில் அணுக வேண்டியுள்ளது.

ஹார்டின் காட்டும் உவமை எளிமையானது. எல்லோருக்கும் பொதுவான புற்றரையிலே ஒவ்வோர் இடையனும் தன் மந்தையை மேய்க்கிறான். மேலுமொரு மாட்டைச் சேர்ப்பதனால் வரும் இலாபம் முழுவதும் அவனுக்கே உரியது. அதனால் தரைக்கு நேரும் கேட்டினை எல்லோரும் பங்கிட்டுக்கொள்கின்றனர். எனவே ஒவ்வொருவனும் மாடுகளைப் பெருக்குவான். ஈற்றிலே தரை அழியும், அனைவரும் அழிவர். இதிலிருந்து மீள இரண்டு வழிகளே உள என்பது அவர் முடிபு: ஒன்று, பொதுவைத் தனியுடைமையாக்குதல், மற்றது, அரசு வற்புறுத்திக் கட்டுப்படுத்துதல். மீன்களும் திமிங்கிலங்களும் அருகி வருவதனை அவர் சான்றாகக் குறிப்பிடினும் கட்டுரையின் மெய்யான குறி கடலன்று, சனத்தொகையே. மக்கள் விரும்பியவாறு பிள்ளை பெறும் உரிமையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதே அவர் வாதம். புற்றரையும் மீனும் அவ்வாதத்துக்கு வந்து சேர்ந்த துணைப்பொருள்கள். புற்றரை உவமையும் அவருடையதன்று. 1833இல் வில்லியம் ஃபோஸ்டர் லொயிட் என்னும் ஆங்கிலேயர் சனத்தொகை பற்றி வெளியிட்ட விரிவுரைகளிலிருந்து எடுக்கப்பட்டது.

இலக்கிய மாணவர் இக்கட்டுரையிலே முதலிற் கவனிக்க வேண்டியது 'துன்பியல்' என்ற சொல்லையே. தாம் அச்சொல்லை மெய்யியலாளர் வைற்ஹெட் கொண்ட பொருளிலே ஆள்வதாக ஹார்டின் கூறுகிறார். அதாவது வெறும் துன்பம் அன்று, இரக்கமின்றி இயங்கும் தவிர்க்கவியலாமையே துன்பியலின் சாரம் என்பது. இங்கேதான் சூழ்ச்சி தொடங்குகிறது. வரலாற்றிலே குறிப்பிட்ட மனிதரால், குறிப்பிட்ட உடைமை உறவுகளின்கீழ், குறிப்பிட்ட சந்தைக்காக நிகழ்த்தப்பட்ட அழிவு விதியின் செயலாக மாற்றப்பட்டுவிடுகிறது. நமது மரபிலும் ஊழ் உண்டு. சிலப்பதிகாரத்தின் பதிகம் ஊழ்வினையின் வலிமையைக் காப்பியம் உணர்த்தும் உண்மைகளுள் ஒன்றாக வகுத்துரைக்கிறது. ஆயினும் கண்ணகி ஊழோடு வழக்காடவில்லை. அரசவைக்குச் சென்று அரசனிடமே வழக்குரைத்தாள். பொற்கொல்லனின் களவும் ஆராயாத் தீர்ப்பும் அங்கே பெயர் சொல்லிச் சுட்டப்படுகின்றன. ஹார்டினின் புற்றரையிலோ பொற்கொல்லனும் இல்லை, பாண்டியனும் இல்லை. ஊழ் ஒன்றே உள்ளது.

அப்புற்றரையை மேலும் சற்று உற்றுநோக்கின் அதன் செயற்கைத்தன்மை புலப்படும். அங்குள்ள இடையர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. அவர்களுக்கு ஊரில்லை, உறவில்லை, வழக்கமில்லை. இங்கிலாந்தின் உண்மையான பொதுநிலங்களிலே ஒவ்வொரு குடியும் எத்தனை மாடுகளை விடலாம் என்பதற்கு வரம்பு இருந்தது என்பதும், அந்நிலங்கள் அளவுமீறிய மேய்ச்சலினால் அன்றிப் பெருநிலக்கிழார் வேலியடைத்துக் கவர்ந்தமையாலேயே பெரும்பாலும் மறைந்தன என்பதும் வரலாற்று மாணவர் அறிந்தவை. தரை பொதுவாக இருக்கையில் மாடு மட்டும் ஏன் தனியுடைமையாக இருக்கிறது என்ற வினா கட்டுரையில் எழவேயில்லை. பொதுவான வளத்துக்கும் தனியுடைமையான உற்பத்திக் கருவிக்கும் இடையிலுள்ள முரண்பாட்டினை அவர் கண்டிருக்கிறார். ஆனால் முரண்பாட்டின் ஒரு பக்கத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். 'நிருவகிக்கப்படாத பொதுமை' எனத் தாம் தலைப்பிட்டிருக்க வேண்டும் என்று 1990களில் ஹார்டினே ஒப்புக்கொண்டார். அத்திருத்தம் கட்டுரையின் அடித்தளத்தையே அசைப்பது. ஆயின் முதற்கட்டுரையை மேற்கோள் காட்டுவோர் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

ஹார்டினுக்கு முன்னரே மீன்வள அறிவியலில் இதனையொத்த சிந்தனை உருவாகியிருந்தது. 1954இல் ஸ்கொட் கோர்டன் என்ற பொருளியலாளர், உடைமையாளரற்ற கடலிலே இலாபம் முற்றாக வற்றும்வரை மீன்பிடி பெருகிச் செல்லும் என்று நிறுவினார். அதே ஆண்டிலே ஷேஃபர் என்பவர் மீன்கூட்டத்தின் பெருக்கத்துக்குக் கணித வடிவங் கொடுத்தார். மீன் நிறைந்திருக்கும் நிலையிலும் அருகியிருக்கும் நிலையிலும் பெருக்கம் சிறிது. இடைநிலையிலே அது உச்சம் பெறும். அவ்வுச்சப் பெருக்கத்தை மட்டும் ஆண்டுதோறும் அறுவடை செய்தால் முதல் குறையாது என்பதே 'உச்ச நிலைபேறான விளைவு' எனப்படும் கருத்தாகும். முதலைத் தொடாது வட்டியை மட்டும் உண்ணும் வட்டிக்காரனின் தர்க்கம் இது என்பதை எவரும் எளிதிற் காணலாம். 1977இல் பீற்றர் லார்க்கின் என்ற கனடிய அறிஞர் இக்கருத்துக்குக் கல்லறை வாசகமே எழுதிவிட்டார். எனினும் 1982இல் நிறைவேறிய ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட உடன்படிக்கையில் அதே கருத்துக் கொலுவீற்றிருக்கக் காண்கிறோம். அறிவியலார் புதைத்ததை இராசதந்திரிகள் தோண்டியெடுத்தனர் போலும்.

அக்கணக்கு நடைமுறையில் என்னவாயிற்று என்பதற்குப் பெரு நாட்டின் நெத்தலி ஒன்றே போதும். 1970இல் அங்கு பிடிக்கப்பட்ட நெத்தலி ஒரு கோடியே இருபது இலட்சம் தொன்னளவினது. உலகக் கடல்மீன் முழுவதிலும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு. ஆண்டுக்கு ஒரு கோடி தொன்னுக்குச் சற்றுக் குறைவாகப் பிடிப்பதே பாதுகாப்பானது என நிபுணர்கள் கூறியிருந்தனர். 1972இல் எல் நீனோ என்னும் வெந்நீரோட்டம் வந்தது. 1973இல் பிடிபாடு இருபது இலட்சம் தொன்னையும் எட்டவில்லை. அந்நெத்தலியைப் பெரு நாட்டு ஏழைகள் உண்டு தீர்க்கவில்லை. அது மாவாக அரைக்கப்பட்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோழிக்கும் பன்றிக்கும் தீனியாயிற்று. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையிலோ ஹார்டின் வேண்டிய அரச கட்டுப்பாடு முழுமையாகவே இருந்தது. 1977இல் 200 மைல் கடல் அந்நாட்டின் ஆளுகைக்குள் வந்தது. ஆண்டுதோறும் பிடிபாட்டின் அளவு கணித்து விதிக்கப்பட்டது. தம் வலைகளில் விழும் 'கொட்' மீன் சிறுத்தும் குறைந்தும் வருவதாகக் கரையோரச் சிறு மீனவர் 1980களிலே முறையிட்டனர். பெரிய இழுவைக் கப்பல்களின் பிடிபாடு குறையவில்லை என்பதனால் அம்முறைப்பாடு உரிய கவனத்தைப் பெறவில்லை. 1992 ஜூலையில் அம்மீன்பிடி தடைசெய்யப்பட்டபோது முப்பதாயிரம் பேரளவில் தொழிலிழந்தனர். தடை நீங்கியது 2024இலேயே.

நமது தீவிலே இதற்கு முன்னோடியான ஒரு வரலாறு உண்டு. மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்பினைப் பிரித்தானிய ஆட்சி நடத்திய முறை, இன்று நாம் நிலைபேறான முகாமைத்துவம் என்று கூறுவதன் இலக்கணங்கள் பலவற்றைக் கொண்டிருந்தது. சிப்பிகள் வளரும் பார்கள் முன்கூட்டியே பரிசோதிக்கப்பட்டன. மாதிரிச் சிப்பிகள் எடுக்கப்பட்டு அவற்றின் வயதும் முத்தின் பெறுமதியும் மதிப்பிடப்பட்டன. தகுந்த ஆண்டுகளில் மட்டும் குளிப்பு அறிவிக்கப்பட்டது. எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கு. உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவர்களுக்கு எஞ்சிய ஒன்று. 1902இல் ஹேர்ட்மன் என்னும் விலங்கியற் பேராசிரியர் வரவழைக்கப்பட்டு, அவருடைய ஆய்வு ஐந்து தொகுதிகளாக வெளியிடப்பட்டது. 1905இல் மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பிலே எட்டுக் கோடிச் சிப்பிகள் வரையில் எடுக்கப்பட்டன. அரசின் வருவாய் 25 இலட்சம் ரூபாவளவில் இருந்தது. மறு ஆண்டிலே பார்கள் இருபது ஆண்டுக் குத்தகைக்கு இலண்டன் கம்பனியொன்றிடம் கையளிக்கப்பட்டன. அறிவியல், அரசு, தனியுடைமை ஆகிய மூன்றும் ஒருங்கே கூடிய வேளை அது. 1907க்குப் பின் சிப்பி இல்லாதொழிந்தது. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பனி கலைந்தது. 1925இல் ஒருமுறை குளிப்பு நடந்தது. அதன்பின் குறிப்பிடத்தக்க குளிப்பு எதுவும் இல்லை.

கம்பனிதான் பார்களை அழித்தது என்று கூறிவிடுவது எளிது. ஆயின் அது நேர்மையான முடிபாகாது. சிப்பியின் குஞ்சு நீரோட்டத்தின் போக்கிலே மிதந்து சென்று படியும் உயிர். திருக்கை முதலிய மீன்கள் அதனைத் தின்னும். மணல் மூடினால் பார் முழுவதுமே மடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பல ஆண்டுகள் தொடர்ந்து குளிப்பில்லாத இடைவெளிகள் இருந்தன. இங்கு மனங்கொள்ள வேண்டியது வேறு: ஆண்டுதோறும் இன்ன தொகை என்று குத்தகை பேசத்தக்கவாறு இயற்கை விளைவதில்லை. நிலையான விளைவு என்னும் எண்ணம் கடலிலிருந்து பிறந்ததன்று. குத்தகைப் பத்திரத்திலிருந்து பிறந்தது.

காட்டு விஞ்ஞானத்தின் தோற்றமும் இதனையே கூறும். 1713இல் சாக்சனியிலே காடுகளின் நீடித்த பயன்பாடு பற்றி முதல் நூலை எழுதிய கார்லோவிற்ஸ் காட்டதிகாரியல்லர், சுரங்க நிருவாகி. வெள்ளி உருக்கும் உலைகளுக்கு விறகு தட்டுப்படாதிருத்தலே அவர் கவலை. அவ்வாறு பிறந்த ஜேர்மானியக் காட்டியலே பிராண்டிஸ் வழியாக இந்தியாவுக்கு வந்தது. இலங்கையிலே 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உறுதியற்ற நிலத்தை முடிக்குரியதாக்கியபோது, காட்டைச் சார்ந்து வாழ்ந்த கிராமத்தவன் ஒரே நாளில் அத்துமீறியவன் ஆனான். சேனைப் பயிர் காட்டின் பகையெனப்பட்டது. கோப்பிக்காக மலைநாடு மொட்டையடிக்கப்பட்டமை அபிவிருத்தி எனப்பட்டது. 1970களிலே சிங்கராஜ வனத்தில் ஒட்டுப்பலகைக்காக மரந்தறித்தது சோஷலிசம் பேசிய அரசே. பொதுமக்களின் எதிர்ப்பினால் 1977இல் அது கைவிடப்பட்டது. அவ்வனத்தின் ஓரத்துக் கிராமங்களிலே கித்துள் மரத்தைக் கொல்லாது பல ஆண்டுகள் பதநீர் இறக்கும் நுட்பம் தலைமுறைகளாக இருந்து வந்துள்ளது. அதனை எந்தக் காட்டியல் நூலும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

ஹார்டினுக்கு வலிமையான மறுப்பாக அமைந்தது எலினோர் ஒஸ்ற்றம் 1990இல் வெளியிட்ட நூலாகும். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கு (மற்றொருவரோடு பகிர்ந்து) வழங்கப்பட்டது. அரசும் சந்தையும் அல்லாத மூன்றாவது வழி, அதாவது பயன்படுத்துவோர் தாமே விதி வகுத்துத் தாமே காவல் செய்யும் வழி, உலகின் பல பாகங்களிலே நூற்றாண்டுகளாக நிலைத்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். நம்மவர்க்கு இது புதுமையன்று. நீர்கொழும்பு வாவியின் கழிமுகத்திலே வற்றுநீரோட்டத்தின் இரவுகளில் கட்டுவலை வைத்து இறால் பிடிக்கும் முறையைப் பாருங்கள். வாவியிலே வளர்ந்த இறால் முட்டையிடக் கடலுக்குத் திரும்பும் வழியில் அவ்வலைகள் நிற்கின்றன. இடத்துக்கு இடம் பிடிபாடு வேறுபடும் ஆதலால், நான்கு மீனவர் சங்கங்கள் சீட்டுக் குலுக்கி முறைவைத்து இடங்களைப் பகிர்கின்றன. 1958இல் அரசு இதற்கெனத் தனி விதிகளை ஆக்கியபோது செய்ததெல்லாம் இருந்த வழக்கத்துக்குச் சட்டவுரு கொடுத்ததே. தமிழ்நாட்டின் பழவேற்காட்டு ஏரியிலும் இத்தகைய முறை உண்டு. அங்கு அதற்குப் 'பாடு' என்றே பெயர். நமது கரைகளிலும் கரைவலை இழுக்கும் இடத்தைப் பாடு என்றே வழங்குகிறோம்.

ஆயின் ஒஸ்ற்றத்தையும் வணங்கி ஏற்றுக்கொள்வதற்கில்லை. அவர் காணும் சமூகத்திலே வர்க்கமும் சாதியும் மங்கிய நிழல்களாகவே தெரிகின்றன. நீர்கொழும்பிலே சங்க உறுப்புரிமைக்குப் பரம்பரையும் மதமும் திருமணமும் தகைமைகளாக இருந்துள்ளன, பெண்களுக்கு இடமில்லை. பழவேற்காட்டிலே பாட்டுரிமை ஒரு சாதிக்கு உரியதாயிருக்க, இருளர் முதலானோர் கையால் இறால் தடவிப் பிழைக்கின்றனர். கரைவலைத் தொழிலிலே வலையும் தோணியும் சம்மாட்டிக்குரியவை. கயிறு இழுப்பவன் முற்பணக் கடனாற் பிணைக்கப்பட்டுப் பங்குக்கு உழைப்பவன். 'சமூகம் தன் வளத்தைத் தானே ஆளுகிறது' என்னும்போது அங்கு ஆள்பவர் யார் என்ற வினா கேட்கப்பட்டாக வேண்டும்.

ஒஸ்ற்றமே எடுத்தாளும் ஓர் உதாரணம் நமது நாட்டினது. தென்கரையிலே தங்காலைக்கு அண்மையிலுள்ள மாவெல்லை என்னும் ஊரில் மானிடவியலாளர் போல் அலெக்சாண்டர் ஆய்வு செய்து 1982இல் நூலாக வெளியிட்டார். அங்கும் வலைகளுக்குக் கண்டிப்பான முறை இருந்தது. ஒவ்வொரு வலையும் தன் முறை வரும்வரை காத்திருக்கும். ஆயினும் இரண்டாம் உலகப் போருக்கு முன் முப்பதளவில் இருந்த வலைகள் 1970களின் தொடக்கத்தில் நூறை அண்மின. வலை கூடியதே தவிர இழுக்கும் கரை நீளவில்லை. ஒவ்வொரு வலைக்கும் முறை வருவது அரிதாயிற்று. வலைகளின் தொகையை வரையறுக்கச் சட்டம் இடமளித்திருந்தும் அது செயற்படாது தடுத்தது அரசியற் செல்வாக்குடையோரின் தலையீடு. ஹார்டின் இதனை இடையரின் பேராசை என்பார். ஒஸ்ற்றம் இதனை நிறுவனத்தின் தோல்வியென வகைப்படுத்துகிறார். தெருவும் பனிக்கட்டியும் வந்து மீன் விலை ஏறியபோது, வெளியூர் முதல் கடற்கரைக்குள் நுழைந்து, தன்னைக் காக்க அரசியலைத் துணைகொண்ட வரலாறாக அலெக்சாண்டரின் தரவுகளை வாசிக்கலாம். அதுவே பொருத்தமான வாசிப்பென்று எமக்குத் தோன்றுகிறது.

இவ்வாசிப்பு நம்மை இன்று வட கடலின் எரியும் பிரச்சினைக்குக் கொண்டுவருகிறது. 1953இல் கேரளத்திலே தொடங்கிய இந்திய–நோர்வேத் திட்டமும் அதன்பின் அரசுகள் அளித்த மானியங்களும் இழுவைப்படகை இந்தியக் கரைகளில் பரப்பின. யப்பானும் அமெரிக்காவும் இறாலுக்குக் கொடுத்த விலை அதன் உந்துசக்தி. அடிநிலத்தை வாரிச் செல்லும் அம்மடி இறாலோடு குஞ்சும் முட்டையும் சாதாழையும் சேர்த்து அள்ளுவது. பாக்கு நீரிணையின் இந்தியப் பக்கம் வறளவே, அப்படகுகள் எல்லை கடந்து வந்தன. போர்க்காலத்திலே நமது மீனவர் கடலுக்குச் செல்லத் தடுக்கப்பட்டிருந்தனர்; கடல் வெறுமையாகவில்லை, பிறர் வலைக்கு உரியதாயிற்று. 2009இன் பின் கடனெடுத்து வள்ளமும் வலையும் வாங்கிக் கடலிறங்கியவர்கள், இரவிலே விரித்த வலை விடியலில் அறுந்து கிடக்கக் கண்டனர். 2010இல் இருதரப்பு மீனவரும் சந்தித்துப் பேசி ஓராண்டினுள் இழுவைமடியைக் கைவிடுவதென உடன்பட்டும் அது நடைபெறவில்லை. 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கை அடிநில இழுவையை முற்றாகத் தடைசெய்தது. அதே ஆண்டிலே இந்தியா இப்படகுகளை ஆழ்கடற் படகுகளாக மாற்றும் திட்டத்தை அறிவித்தது. மாறியவை மிகச் சில.

இவ்விடயம் பற்றிப் பேசுவோர் பலர் இரண்டு பொய்களுள் ஒன்றைத் தெரிவு செய்கின்றனர். தொப்புள்கொடி உறவு என்னும் பேச்சு ஒன்று; அது நெடுந்தீவு மீனவனின் அறுந்த வலைக்கு விடை கூறாது. அயல்நாட்டு ஆக்கிரமிப்பு என்னும் பேச்சு மற்றது. அது குருநகரிலும் பேசாலையிலும் நம்மவரே இழுவைப்படகு வைத்திருந்தமையை மறைக்கும். நடுக்கடலிலே பிடிபட்டுச் சிறை செல்பவன் நாட்கூலிக்கும் பங்குக்கும் வந்த தொழிலாளி. படகின் சொந்தக்காரன் கரையிலே இருக்கிறான். இருபுறத்தும் தமிழ் பேசும் உழைப்பாளரே ஒருவரையொருவர் எதிர்கொள்கின்றனர் என்பதில் உள்ள கொடுமையை இன உணர்ச்சியால் விளக்கிவிட முடியாது. கேரளத்திலே சிறு மீனவர் தொழிற்சங்கங்களாகத் திரண்டு பல ஆண்டுகள் போராடியதன் பின்னரே 1988இல் பருவமழைக்கால இழுவைத் தடை வந்தது. ஹார்டினின் இரண்டு வழிகளிலும் இதற்கு இடமில்லை. ஒஸ்ற்றம் வகுத்த எட்டு நெறிகளிலும் போராட்டம் என்ற சொல் இல்லை.

அண்மைக் காலத்திலே நமது ஆழமற்ற கரைக்கடலிலே வேலிகள் எழுந்துள்ளன. கடலட்டைப் பண்ணைகள் அவை. சீனச் சந்தையிலே உயர்விலை பெறும் கடலட்டை இயற்கையில் அருகிவிட்டமையால் அடைத்து வளர்ப்பதே நிலைபேறான வழி எனக் கூறப்படுகிறது. அட்டையின் உயிரியலை நோக்குமிடத்து அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் பூநகரிக் கரையிலும் தீவகத்திலும் வேலியடைக்கப்படும் இடம் வெற்றிடமன்று. சிறகுவலைக்காரர் தொழில் செய்யும் இடம். பெண்கள் கால்நடையாய்ச் சென்று நண்டும் மட்டியும் பொறுக்கும் இடம். மீன்குஞ்சு ஒதுங்கும் சாதாழைப் படுகை. அனுமதிப்பத்திரம் யாருக்குக் கிடைக்கிறது, வேலியிடுவதற்கான முதல் யாரிடமிருந்து வருகிறது, வழி மறிக்கப்பட்டவர் யாரிடம் முறையிடலாம் என்பன பற்றிக் கிராமங்களிலே நடக்கும் வாதங்கள், ஹார்டினும் ஒஸ்ற்றமும் மேற்கோள் காட்டப்படும் கருத்தரங்குகளுக்கு வந்து சேர்வதில்லை. கரைவலைப் பாடுகளின் பெயர்கள், முறைவைத்த வழக்கங்கள், சங்கங்களின் கூட்டக் குறிப்புகள், தீர்க்கப்பட்ட பிணக்குகள் ஆகியவற்றைக் கரை கரையாகச் சென்று தமிழிலே பதிவு செய்யும் ஆய்வுகள் போதிய அளவில் நம்மிடம் இல்லை. வேலி வழக்குகள் மன்றுக்கு வரும்போது, இவ்விடம் எவரும் பயன்படுத்தாத கடல் என்ற வாதத்துக்கு எதிராக வைக்கத்தக்க சான்று அப்பதிவுகளே.